வீட்டை விற்கப் போகிறீர்களா? முதலில் அரங்கு அறையைத் திறந்து பாருங்கள்!

"வீட்டைக் கட்டிப் பார், கல்யாணம் பண்ணிப் பார்" என்பது பெரியவர்கள் சொன்ன மொழி. அதோடு இன்னொன்றையும் சேர்த்துக் கொள்ளலாம். "வீட்டை விற்றுப் பார்!"

கட்டுகிற போது பணக் கஷ்டம் மட்டும்தான். விற்கிற போது மனக் கஷ்டமும் சேர்ந்து கொள்கிறது.

ராமநாதபுரம் சீமையின் கடற்கரை ஊர்களில் இன்று அநேக வீடுகள் கை மாறுகின்றன. பிள்ளைகள் சென்னையில் இருக்கிறார்கள். அல்லது துபாயிலும் சிங்கப்பூரிலும் இருக்கிறார்கள். ஊரில் வயதான தாய் மட்டும் தனியாக இருக்கிறாள். ராமேசுவரத்திலோ, வீட்டை விட வீடு இருக்கும் மனைக்குத்தான் மவுசு. யாத்திரை வருகிறவர்கள் தங்கும் விடுதி கட்ட இடம் கேட்டு ஆட்கள் வருகிறார்கள்.

விற்பது என்று முடிவாகிவிட்டால் என்ன செய்கிறார்கள்?

வாசலுக்கு வெள்ளை அடிக்கிறார்கள். திண்ணையைக் கழுவி விடுகிறார்கள். முன் கூடத்தில் புதிய விளக்கு போடுகிறார்கள். பின்கட்டில் இருக்கும் அரங்கு அறையை மட்டும் பூட்டி, சாவியை இடுப்பில் செருகிக் கொள்கிறார்கள்.

"அது சாமான் அறைங்க. உள்ளே ஒன்றும் இல்லை!"

இந்த ஒரு வார்த்தையில்தான் பாதி வம்பு தொடங்குகிறது என்பது என் கருத்து.

அத்தை வீட்டில் நடந்தது

என் அத்தையின் வீடு தொண்டிக்குப் பக்கத்தில் ஒரு சிற்றூரில் இருந்தது. கடலுக்கும் அந்த வீட்டுக்கும் கூப்பிடு தூரம். சுண்ணாம்புச் சாந்து வைத்துக் கட்டிய சுவர். பனங்கை போட்ட ஓட்டு வீடு.

மாமா காலமான பிறகு அத்தை தனியாக இருந்தாள். பிள்ளைகள் இருவரும் வெளிநாட்டில். "விற்றுவிட்டு எங்களோடு வாருங்கள்" என்று அவர்கள் எழுதினார்கள். தரகர் ஒருவர் வந்து சேர்ந்தார்.

"ஆத்தா, அரங்கு அறையைப் பூட்டி வையுங்க. ஒரு காயலான் கடைக்காரனைக் கூட்டி வருகிறேன். மொத்தமாக எடுத்துக் கொண்டு போவான். சுவருக்கு ஒரு பூச்சு பூசினால் வீடு புதுசு மாதிரி ஆகிவிடும்" என்றார் தரகர்.

அத்தை சம்மதிக்கவில்லை. எனக்கு ஆள் விட்டாள்.

"ஏய்யா, நாற்பது வருஷமாக நான் அடுக்கி வைத்த அறை. இன்னொருத்தன் வந்து அள்ளிக் கொண்டு போகவா? நீ வந்து ரெண்டு நாள் கூட இரு. நானே பிரித்து வைக்கிறேன்" என்றாள்.

நான் போனேன். இரண்டு நாள் என்பது ஒன்பது நாள் ஆயிற்று. அந்த ஒன்பது நாளில் நான் கற்றுக் கொண்டதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

வீட்டின் வயிறு

முன் கூடம் வீட்டின் முகம் என்றால், பின்கட்டு அதன் வயிறு.

நெல் கொட்டும் குலுக்கை அங்கேதான் இருக்கும். ஊறுகாய் ஜாடி, புளிப் பானை, கருப்பட்டிக் கொட்டான், கருவாட்டுப் பானை எல்லாம் அங்கேதான். பரண்மேல் ஓலைப் பாயும் கடகமும் சுளகும் கிடக்கும். மூலையில் உரலும் உலக்கையும் திருகையும். கொல்லைப்புறத்தில் விறகுப் புரை, அதற்கப்பால் கிணற்றடி.

இந்த இடங்கள் பெண்களின் கையில் இருந்தவை. எது எங்கே இருக்கிறது என்பது அவர்களுக்குத்தான் தெரியும். ஆனால் வீடு விற்பனைக்கு வந்ததும் பேச உட்காருகிறவர்கள் ஆண்கள். பரணில் இருப்பது என்ன என்று வீட்டு அம்மாளை யாரும் ஒரு வார்த்தை கேட்பதில்லை.

இது நியாயம் அல்ல.

அரங்கு அறையைப் பிரிக்கும் போது அந்த வீட்டில் அடுப்பு மூட்டியவள் முன்னே உட்கார வேண்டும். அவள் சொல்லி மற்றவர்கள் எடுக்க வேண்டும். கட்டிக் கொடுத்த பெண்களையும் வரச் சொல்ல வேண்டும். அவர்களுடைய சீர்ப் பாத்திரங்களும் அங்கே இருக்கலாம்.

என் அத்தை ஒவ்வொரு பாத்திரத்தையும் திருப்பிப் பார்த்தாள். விளிம்பில் பெயர் வெட்டி இருந்தது. "இது என் அம்மா கொடுத்தது. இது என் நாத்தனாருக்குச் சேர வேண்டியது. மறந்து இங்கேயே தங்கிவிட்டது" என்றாள். காயலான் கடைக்காரனுக்கு அது வெறும் எடை. அவளுக்கோ அது ஒரு கணக்கு. தீர்க்க வேண்டிய கடன்.

எடை போடும் முன்பு

பாத்திரம் விற்கத்தான் வேண்டும் என்றால் ஒரு விஷயத்தை மறக்க வேண்டாம். வெண்கலம் வேறு, பித்தளை வேறு. செம்போடு வெள்ளீயம் சேர்ந்தால் வெண்கலம். செம்போடு துத்தநாகம் சேர்ந்தால் பித்தளை. விலையும் வேறு வேறு. எல்லாவற்றையும் ஒரே சாக்கில் போட்டு "பழைய பித்தளை" என்று எடை போட விடாதீர்கள். தனித்தனியே பிரித்து, வீட்டிலேயே நிறுத்து, ஒரு தாளில் எழுதி வைத்த பிறகு கடைக்காரரைக் கூப்பிடுங்கள்.

காரைக்குடி முனீசுவரன் கோவில் தெருவில் பழம்பொருள் கடைகள் வரிசையாக இருப்பதைப் பலர் பார்த்திருப்பீர்கள். 1985-ம் ஆண்டு மாவட்டம் பிரிக்கப்படும் வரை காரைக்குடியும் ராமநாதபுரம் மாவட்டத்தில்தான் இருந்தது. செட்டிநாட்டுப் பெரிய வீடுகளின் அறைகளில் இருந்த மர அலமாரியும், பீங்கான் ஜாடியும், தூணும், கதவும் அந்தத் தெருவுக்கு வந்து விலையாகின்றன. வீட்டுக்காரர் குப்பை என்று தள்ளியதைப் பட்டணத்தார் அலங்காரம் என்று வாங்கிப் போகிறார்கள்.

எதையும் விற்காதீர்கள் என்று நான் சொல்லவில்லை. என்ன விற்கிறோம் என்று தெரிந்து விற்க வேண்டும் என்றுதான் சொல்கிறேன்.

இரும்புப் பெட்டிக்குள் இருந்த தாள்

ஐந்தாம் நாள். பரணின் கோடியில் ஒரு தகரப் பெட்டி இருந்தது. மாமாவின் தகப்பனார் கொழும்பிலிருந்து கொண்டு வந்த பெட்டி. அந்தக் காலத்தில் இந்தக் கடற்கரைக்காரர்களுக்குக் கொழும்பு பக்கத்து ஊர் மாதிரி. 1914-ல் பாம்பன் பாலம் திறந்த பிறகு ரயிலில் தனுஷ்கோடி வரை போய், அங்கிருந்து கப்பல் ஏறித் தலைமன்னாரில் இறங்கிவிடுவார்கள்.

பெட்டியின் பூட்டு துருப்பிடித்து இருந்தது. உடைத்துத் திறந்தோம். உள்ளே பழைய வரி ரசீதுகள், ஒரு கல்யாணப் பத்திரிகை, அடியில் மடித்து வைத்த ஒரு பாகப்பிரிவினைப் பத்திரம்.

அதை நான் உரக்கப் படித்தேன். கிணற்றுக்குப் போகும் பின் சந்து, எங்கள் வீட்டுக்கும் பக்கத்து வீட்டுக்கும் பொது என்று அதில் எழுதி இருந்தது. கிணற்றில் தண்ணீர் எடுக்கும் பாத்தியதையும் இரண்டு வீட்டுக்கும் உண்டு.

தரகர் முகம் சுருங்கிவிட்டது.

"இதை யாரிடமும் காட்ட வேண்டாம் ஆத்தா. சந்தையும் சேர்த்துத்தான் விலை பேசி இருக்கிறேன். இது தெரிந்தால் விலை விழுந்துவிடும்" என்றார்.

அத்தை கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு சொன்னாள்: "நாளைக்கு வாங்குகிறவன் சந்தை அடைத்துவிட்டால் பக்கத்து வீட்டுப் பிள்ளைகள் தண்ணீருக்கு எங்கே போகும்? காட்டித்தான் விற்க வேண்டும்."

அவள் பள்ளிக்கூடம் போனது மூன்று வருஷம். ஆனால் சட்டம் சொல்வதும் அவள் சொன்னதும் ஒன்றுதான்.

சட்டம் என்ன சொல்கிறது?

1882-ம் ஆண்டு வந்த சொத்து மாற்றுச் சட்டம் இன்றும் நடைமுறையில் உள்ளது. அதன் 55-வது பிரிவைச் சுருக்கமாகச் சொல்கிறேன்.

விற்கிறவருக்குத் தெரிந்த முக்கியமான குறை, வாங்குகிறவருக்குத் தெரியாமல் இருக்கலாம். சாதாரணமாகப் பார்த்தால் அது கண்ணில் படாததாகவும் இருக்கலாம். அப்படிப்பட்ட குறையை விற்கிறவர் எடுத்துச் சொல்லியாக வேண்டும். கட்டடத்தின் குறையானாலும் சரி, பாத்தியதையின் குறையானாலும் சரி. சொல்லாமல் மறைத்தால் அதை மோசடி என்றே அந்தச் சட்டம் கருதுகிறது.

பூட்டிய அரங்கு அறைக்குள் கரையான் இருப்பது தெரிந்தும், சாவியை மறைத்தால் அது சாமர்த்தியம் அல்ல. நாளைக்கு நீதிமன்றப் படி ஏற வழி!

அதே சட்டத்தின் 8-வது பிரிவையும் தெரிந்து கொள்ளுங்கள். வீட்டை விற்றால் பூட்டு, சாவி, கதவு, ஜன்னல், மற்றும் வீட்டோடு நிரந்தரமாக இருக்க வைத்த பொருள்கள் எல்லாம் வாங்குகிறவரைச் சேரும். வேறு விதமாகப் பேசி இருந்தால்தான் மாறும்.

கிணற்று மோட்டார் யாருக்கு? மாடித் தண்ணீர்த் தொட்டி யாருக்கு? தரையில் பதித்த ஆட்டுக்கல் யாருக்கு? விலை பேசும் அன்றே ஒரு பட்டியல் எழுதி இருவரும் கையெழுத்துப் போடுங்கள். பத்திரம் பதிந்த பிறகு மோட்டாரைக் கழற்றிப் போய், தெருவில் சண்டை வளர்த்த குடும்பங்கள் பல உண்டு.

ஏட்டுச் சுவடி கிடைத்தால்

பழைய வீடுகளின் பரணில் ஓலைச் சுவடி கிடைப்பது இன்றும் உண்டு. வைத்தியம், சோதிடம், கணக்கு, பழம்பாட்டு என்று அதில் எதுவும் இருக்கலாம்.

ஆடிப் பெருக்கன்று ஆற்றில் சுவடிகளை விட்ட கதையை உ.வே.சாமிநாதையர் காலத்திலிருந்து கேட்டு வருகிறோம். ஆறு இல்லாத சீமையில் அடுப்பில் போனதும் உண்டு. இந்த மண்ணுக்கு அது அழகல்ல. 1901-ல் மதுரையில் தமிழ்ச் சங்கம் கண்ட பாண்டித்துரைத் தேவர், ராமநாதபுரம் சேதுபதி அரச குடும்பத்தைச் சேர்ந்தவர். சுவடி காத்த வழி வந்தவர்கள் நாம்!

படிக்கத் தெரியவில்லை என்று வீசிவிட வேண்டாம். எண்ணெய் போட்டுத் துடைக்கவும் வேண்டாம். உலர்ந்த துணியில் சுற்றி வையுங்கள். சென்னையில் அரசினர் கீழ்த்திசைச் சுவடிகள் நூலகம் இருக்கிறது. தஞ்சாவூரில் சரசுவதி மகால் நூலகமும் தமிழ்ப் பல்கலைக்கழகமும் இருக்கின்றன. அவர்களிடம் கேளுங்கள்.

75 ஆண்டுக்கு மேற்பட்ட வரலாற்றுச் சிறப்புள்ள சுவடியும், 100 ஆண்டுக்கு மேற்பட்ட சிலையும் 1972-ம் ஆண்டுப் பழம்பொருள் சட்டத்துக்குள் வருபவை. வாசலில் வந்து கேட்கிறவரிடம் தூக்கிக் கொடுத்துவிட முடியாது.

கொல்லையைத் தோண்டும் போது பானையும் காசும் கிடைத்தால்? அதற்கு 1878-ம் ஆண்டுப் புதையல் சட்டம் இருக்கிறது. 10 ரூபாய்க்கு மேல் மதிப்பு இருந்தாலே மாவட்டக் கலெக்டருக்குத் தெரிவிக்க வேண்டும். "நம் வீட்டுக் கொல்லை, நம் காசு" என்று உருக்கிவிட்டால் வினைதான்.

கடல் கொடுத்த சாமான்

மற்ற ஊர்களில் இல்லாத ஒரு சங்கடம் நம் கடற்கரை வீடுகளில் உண்டு.

பாட்டன் காலத்தில் கடலில் இருந்து கொண்டு வந்த பொருள்கள் அரங்கு அறையில் கிடக்கும். பவளப் பாறைத் துண்டு, ஆமை ஓடு, காய்ந்த கடல் குதிரை, கடல் அட்டை. அந்தக் காலத்தில் இவற்றை எடுத்தது குற்றம் அல்ல. பவளக் கல்லை வெட்டி எடுத்து வீடே கட்டினார்கள். சுட்டுச் சுண்ணாம்பும் ஆக்கினார்கள்.

இன்று நிலை வேறு. மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளைச் சுற்றிய கடற்பகுதி 1986-ல் தேசியப் பூங்கா ஆயிற்று. பவளமும், கடல் குதிரையும், கடல் அட்டையும் 2001-ல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் பட்டியலில் சேர்ந்தன. கடல் ஆமையும், ஆவுளியா என்று நாம் சொல்லும் கடல் பசுவும் அதற்கு முன்பிருந்தே பாதுகாப்பில் உள்ளவை. இவற்றை விற்பது பெரிய குற்றம். விற்றவருக்குச் சிறை உண்டு.

சங்கு வேறு. கீழக்கரையில் சங்கு குளித்து, வங்காளத்துக்கு வளையல் செய்ய அனுப்பிய வியாபாரம் பழமையானது. ஆனால் அரிய சிப்பி வகைகள் சிலவும் தடைப் பட்டியலில் இருக்கின்றன. எது எது என்று தெரியாவிட்டால் காயலான் சாக்கில் போடாமல் வனத்துறை அலுவலகத்தில் கேட்டு ஒப்படையுங்கள். வீடு விற்கப் போய் வழக்கில் மாட்டிக் கொள்ள வேண்டாம்.

பழைய நைலான் வலையைக் கடலில் வீசுவதும் கூடாது. ஆள் இல்லாத வலை கடலுக்குள் மீனையும் ஆமையையும் பிடித்துக் கொன்று கொண்டே இருக்கும். ஈயக் குண்டையும் மிதவையையும் கழற்றி வைத்துக் கொண்டு, வலையைப் பழைய பிளாஸ்டிக் எடுக்கும் இடத்தில் போடுங்கள்.

உயிருக்கு ஆபத்தான மூலைகள்

படகு வைத்திருந்த வீட்டில் டீசல் கேன் மிச்சம் இருக்கும். மண்ணெண்ணெய் டின் இருக்கும். முதலில் அவற்றை வெளியே எடுத்து, நிழலில் தனியாக வையுங்கள். அதுவரை அறைக்குள் விளக்கும் பீடியும் கூடாது. பூச்சி மருந்துப் பாட்டில்களைக் குழந்தைகள் கையில் படாமல் அப்புறப்படுத்துங்கள். மருந்து இருந்த டப்பாவைக் கழுவித் தண்ணீர் பிடிக்கப் பயன்படுத்தவே வேண்டாம்.

இனி கழிவறைத் தொட்டி.

"விற்கும் முன் தொட்டியைச் சுத்தம் செய்து கொடுங்கள்" என்று வாங்குகிறவர் கேட்பார். கேட்பது நியாயம்தான். ஆனால் ஓர் ஏழையைக் கூப்பிட்டு, சாராயத்துக்குக் காசு கொடுத்து, உள்ளே இறக்குவது பாவம், குற்றமும்கூட. தகுந்த பாதுகாப்பு இல்லாமல் மனிதரை அதற்குள் இறக்குவதை 2013-ம் ஆண்டுச் சட்டம் தடை செய்கிறது. மூடிய தொட்டியில் விஷ வாயு நிற்கும். ஒரு மூச்சில் ஆளை மயக்கிவிடும். தூக்கப் போனவரும் சேர்ந்து விழுந்து மடிந்த கொடுமை நம் நாட்டில் பல தடவை நடந்திருக்கிறது. குழாய் வைத்து உறிஞ்சும் லாரி இருக்கிறது. அதைத்தான் அழைக்க வேண்டும்.

வெகு காலம் மூடிக் கிடந்த கிணற்றுக்கும் நிலத்தடித் தொட்டிக்கும் இதே எச்சரிக்கை பொருந்தும்.

சுவர் பொய் சொல்லாது

கடற்கரை வீட்டுக்குப் பெரிய எதிரி உப்பு.

தரையில் இருக்கும் ஈரம் சுவருக்குள் மெல்ல ஏறுகிறது. அதோடு உப்பும் ஏறுகிறது. காற்றுப் பட்டு ஈரம் உலர்ந்துவிடும். உப்பு மட்டும் சுவருக்குள் தங்கிப் பூக்கும். பூக்கும் போது அது பருத்துப் பூச்சைத் தள்ளுகிறது. காரை பொரிந்து கொட்டுகிறது. இதைத்தான் ஓதம் அடித்தது என்கிறோம்.

காற்று வராத அரங்கு அறையில்தான் ஓதம் மிகுதி. மூட்டைகளைச் சுவரோடு ஒட்டி அடுக்கினால் இன்னும் மோசம். அந்த இருட்டில் கரையானும் புற்று வைக்கும்.

இதன்மேல் சிமெண்டுப் பூச்சோ பளபளப்பான பெயிண்டோ அடித்தால் என்ன ஆகும்? ஈரம் வெளியேற வழி இல்லாமல் போகும். சுவருக்குள் மேலும் உயரமாக ஏறும். ஐப்பசி, கார்த்திகை மழை வந்ததும் அடித்த பெயிண்ட் கொப்புளம் கொப்புளமாக உரிந்துவிடும். ஆறு மாதத்தில் வெளிப்படும் பொய் அது!

சுண்ணாம்புச் சுவருக்கு நல்ல வழி ஒன்று உண்டு. சாமானை எல்லாம் அப்புறப்படுத்தி, ஜன்னலைத் திறந்து, பங்குனி சித்திரை வெயிலில் ஒரு மாதம் அறையை உலர விடுங்கள். பூத்த உப்பை உலர்ந்த துடைப்பத்தால் தட்டி எடுங்கள். தண்ணீர் விட்டுக் கழுவ வேண்டாம்; உப்பு கரைந்து மறுபடி உள்ளேதான் போகும். பொரிந்த காரையை மட்டும் உதிர்த்துவிட்டுச் சுண்ணாம்புக் காரையே பூசுங்கள். பழைய சுவர் மூச்சு விட வேண்டும்.

கான்கிரீட் தளம் போட்ட வீடானால் மேலே பாருங்கள். உப்புக் காற்றும் ஈரமும் உள்ளே இறங்கினால் கம்பி துருப்பிடிக்கும். இரும்பைவிடத் துரு அதிக இடம் பிடிக்கும். அதனால்தான் தளம் கீறி, துண்டு துண்டாகக் கீழே விழுகிறது. அந்தக் கீறலை மாவு பூசி மறைத்து விற்பது, தெரிந்தே ஒரு குடும்பத்தின் தலைக்கு மேல் கல்லைத் தொங்க விடுவது போல.

பனங்கைகளை ஒவ்வொன்றாகத் தட்டிப் பாருங்கள். கணீர் என்றால் வைரம் பாய்ந்த மரம். மொத்து மொத்தென்றால் உள்ளே கரையான் தின்றுவிட்டது என்று அர்த்தம்.

கிணற்றைத் தூர்க்காதீர்கள்

காவிரிக் கூட்டுக் குடிநீர்க் குழாய் வந்த ஊர்களிலும், தண்ணீருக்குக் குடம் வரிசை நிற்கும் சீமை இது. இங்கே ஒரு நல்ல கிணறு பொன்னுக்குச் சமம்.

கடலை ஒட்டிய மணல் நிலத்தில் மழைத் தண்ணீர் இறங்கி, கனமான உப்புத் தண்ணீரின்மேல் மிதந்து நிற்கிறது. அதனால்தான் தனுஷ்கோடி மணலில் கையால் தோண்டினாலும் நல்ல தண்ணீர் ஊறுகிறது. கடல் மட்டத்துக்கு மேலே 1 அடி நல்ல தண்ணீர் நின்றால், கீழே சுமார் 40 அடி வரை நல்ல தண்ணீர் இருக்கும் என்பது நிலநீர் அறிஞர்கள் கண்ட கணக்கு. மேலே 1 அடி குறைந்தால் கீழே எவ்வளவு போகும் என்று நீங்களே கணக்குப் போடுங்கள். ஓயாமல் மோட்டார் வைத்து இறைத்தால் உப்பு ஏறிவிடும். ஏறிய உப்பு எளிதில் இறங்காது.

மனை பெரிதாகத் தெரிய வேண்டும் என்று கிணற்றைத் தூர்த்துக் குப்பையைப் போட்டு மூடுகிறார்கள். அந்தக் குப்பை பக்கத்து வீட்டுத் தண்ணீரையும் கெடுக்கும். தூர் வாரி, கைப்பிடிச் சுவரைச் சரி செய்து, கம்பி வலை போட்டு மூடிக் கொடுங்கள். 2003-ம் ஆண்டு மழைநீர் சேகரிப்பு கட்டாயம் ஆன போது வைத்த குழாய் அடைத்துக் கிடந்தால் அதையும் சுத்தம் செய்யுங்கள். வாங்குகிறவருக்குத் தண்ணீரை ருசி பார்க்கக் கொடுங்கள். உவர் என்றால் உவர் என்றே சொல்லுங்கள்.

"விலை குறையுமே?"

இப்படி எல்லாம் திறந்து காட்டினால் விலை குறையாதா என்று கேட்பீர்கள். குறையலாம். என் அத்தைக்கும் குறைந்தது.

சந்து பொது என்று தெரிந்ததும் வாங்க வந்தவர் எழுந்து போய்விட்டார். தரகர் தலையில் அடித்துக் கொண்டார். அத்தையின் பெரிய மகன் தொலைபேசியில் கோபித்துக் கொண்டான். இரண்டு வாரம் வீடு மயானம் மாதிரி இருந்தது.

பிறகு அந்த மனிதரே திரும்பி வந்தார்.

"நாலு வீடு பார்த்தேன். எல்லா வீட்டிலும் ஓர் அறை பூட்டித்தான் இருந்தது. இங்கே மட்டும்தான் எல்லாம் திறந்திருந்தது" என்றார்.

கொஞ்சம் குறைத்துக் கேட்டார். அத்தை ஒப்புக் கொண்டாள். பின் சந்தும் கிணற்றுப் பாத்தியதையும் கிரயப் பத்திரத்தில் தெளிவாக எழுதப்பட்டன. குறைந்த பணம் பெரிதுதான். ஆனால் வழக்கு என்று போயிருந்தால், வக்கீலுக்கும் வாய்தாவுக்கும் அதைவிட எவ்வளவு போயிருக்கும்? அத்தையின் ஆயுளுக்குள் அது முடிந்திருக்குமா?

"வாங்குகிறவன் எப்படியும் இடித்துத்தான் கட்டப் போகிறான். அரங்கு அறையைச் சுத்தம் செய்வது வீண் வேலை" என்றும் சிலர் சொல்கிறார்கள். இடிக்கப் போகிற வீட்டுக்குத்தான் இது இன்னும் அவசியம். பெட்டியில் இருக்கும் பத்திரமும் சுவடியும் இடிபாட்டோடு போனால் மறுபடி வருமா?

வாங்குகிறவர்களுக்கும் ஒரு வார்த்தை

முன் கூடத்தில் உட்கார்ந்து காபி குடித்துவிட்டு முன்பணம் கொடுக்காதீர்கள். நேரே பின்கட்டுக்குப் போங்கள். அரங்கு அறையில் நின்று மூக்கால் மோந்து பாருங்கள். ஓத வாசனை அடிக்கிறதா? தரையும் சுவரும் சேரும் இடத்தில் கரையான் மண் தெரிகிறதா? முடிந்தால் கார்த்திகை மழையில் ஒரு தடவை போய்ப் பாருங்கள். வெயிலில் எல்லா வீடும் நல்ல வீடுதான்!

வில்லங்கச் சான்றும் மூலப் பத்திரமும் பார்க்கும் அதே கவனத்தோடு கிணற்றடியையும் பாருங்கள். குறையைச் சொல்லும் வீட்டுக்காரரிடம் குறைத்துக் கேளுங்கள். ஆனால் கொள்ளையாகக் கேட்காதீர்கள். உண்மை சொன்னவருக்கு அபராதம் விதித்தால், நாளை யார் உண்மை சொல்வார்?

அவகாசம் கிடைத்தவர்கள்

கடைசியாக ஒன்று.

1964-ம் ஆண்டு டிசம்பர் 22-ந் தேதி இரவு. புயலும் கடலும் சேர்ந்து தனுஷ்கோடியை அழித்தன. ரயிலோடு மக்கள் மாண்டார்கள். ஊரே மண் மூடிப் போயிற்று. இன்றும் அங்கே போனால் பவளக் கல்லால் கட்டிய கோவில் சுவர் மொட்டையாக நிற்பதைப் பார்க்கலாம்.

அந்த ஊரிலும் அரங்கு அறைகள் இருந்தன. அங்கேயும் பரணில் பெட்டியும், பெட்டிக்குள் பத்திரமும், ஒரு தாய் மகளுக்கு என்று எடுத்து வைத்த பாத்திரமும் இருந்திருக்கும். எடுக்க ஒரு நாழிகைகூட அவர்களுக்குக் கிடைக்கவில்லை.

நமக்கு அந்த அவகாசம் கிடைத்திருக்கிறது. நிதானமாகப் பிரித்து, உரியவருக்கு உரியதைக் கொடுத்து, குறையைச் சொல்லி, பெருக்கித் துடைத்து, சாவியைக் கொடுக்கலாம். அந்த நேரத்தைப் பூட்டுப் போட்டு வீணாக்கலாமா?

ஒன்பதாம் நாள் அரங்கு அறை காலியாயிற்று. அத்தை தரையை மெழுகிக் கோலம் போட்டாள். ஒரு மூலையில் விளக்கு ஏற்றினாள்.

"வருகிறவள் இதிலே நெல்லு வைக்கட்டும், துணி வைக்கட்டும். என் குப்பையை அவள் அள்ளினாள் என்று ஒரு பேச்சு வரக் கூடாது" என்றாள்.

சாவியை அவள் இடுப்பில் செருகிக் கொள்ளவில்லை. கதவிலேயே விட்டுவிட்டு வந்தாள்.